குமாஸ்தா கற்ற தச்சுவேலை

சென்ற பொங்கலன்று என் இல்லத்திற்கு வந்திருந்த நண்பர்கள், அறையின் மூலையில் இருந்த சிறிய சாய்வு மேசையைக் கண்டு, "இதை எந்தக் கடையில் வாங்கினீர்கள்?" என்று வினவினர். "கடையில் வாங்கவில்லை, நானே செய்தேன்" என்றேன். அவர்கள் நகைத்தனர். ரயில்வே அலுவலகத்தில் காகிதக் கட்டுகளுக்கிடையே காலங்கழிக்கும் குமாஸ்தாவுக்கும் உளிக்கும் என்ன உறவு என்று அவர்கள் எண்ணியதில் வியப்பில்லை. இரண்டாண்டுகளுக்கு முன்னர் நானும் அவ்வாறே எண்ணியிருந்தவன்தான். நான் கற்ற விதத்தைக் கேட்டபின், "இதனை நம் சங்கத்து இதழில் எழுதினால் பிறருக்கும் பயன்படுமே" என்றனர். அதன் விளைவே இக்கட்டுரை. நான் தச்சன் அல்லன். தொடக்க வகுப்பு மாணவன். மாணவன் மாணவனுக்குச் சொல்வதாகவே நேயர்கள் இதனைக் கொள்ளுமாறு வேண்டுகிறேன்.

தேவை எவ்வாறு பிறந்தது?

தாராவியில் தொண்ணூறு அடிச் சாலையை அடுத்த சந்தொன்றில் எங்கள் குடியிருப்பு. ஓர் அறை; அதன் மேல் ஒரு பரண். என் மகள் ஐந்தாம் வகுப்பில் படிக்கிறாள். தகரப் பெட்டியின்மீது நோட்டுப் புத்தகத்தை வைத்து, முதுகை வில்லாய் வளைத்து எழுதுவாள். இரவில் கழுத்து வலிக்கிறது என்பாள். கடைகளில் பார்த்த மேசைகளோ எங்கள் அறையில் பாதியை விழுங்கக்கூடியவை. ஊரில் மளிகைக் கடைக் கணக்கர் முன் இருக்குமே, தரையில் சம்மணமிட்டு அமர்ந்து எழுதுவதற்குரிய சாய்வு மேசை, அத்தகையது ஒன்றே எங்களுக்கு ஏற்றது. அது கடைகளில் கிடைக்கவில்லை.

என் மாமனார் அப்போது எங்களுடன் வந்து தங்கி ஓராண்டாகியிருந்தது. அத்தை காலமான பிறகு தனியே இருக்கவேண்டாமென்று நாங்கள்தாம் அழைத்து வந்தோம். மாதுங்கா ரயில்வே பெட்டிப் பணிமனையில் தச்சராக முப்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்து ஓய்வு பெற்றவர். வீட்டில் யாருக்கும் இடையூறாக இருக்கக்கூடாதென்று வாயிற்படியருகே நாள் முழுதும் பேசாமல் அமர்ந்திருப்பார். சாப்பிட அழைத்தால் வருவார்; அழைக்காவிடில் வரமாட்டார். அவருடைய கருவிப் பெட்டி பரணில் ஒரு கோணியின் கீழ்க் கிடந்தது. அதனைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடலாமென்று அவரே ஒருநாள் என் மனைவியிடம் கூறினாராம். "இடத்தை அடைக்கிறதே, அம்மா" என்றாராம்.

அன்றிரவு நான் அவரருகே சென்று, "மாமா, குழந்தைக்கு ஒரு சாய்வு மேசை வேண்டும். நீங்கள் சொல்லித் தந்தால் நான் செய்து பார்க்கிறேன்" என்றேன். அவர் தம் கைகளைப் பார்த்துக்கொண்டார். அவை சில ஆண்டுகளாகவே நடுங்குகின்றன. "உங்களுக்கு எதற்கு மாப்பிள்ளை இந்த வேலை?" என்றார். ஆயினும் விடிந்தபோது பெட்டி பரணிலிருந்து இறங்கியிருந்தது. யார் இறக்கினாரென்று நான் கேட்கவில்லை.

மரப்பெட்டிகளின் காலம்

மாதுங்காப் பணிமனையை அன்றைய ஜி.ஐ.பி. ரயில்வேயினர் 1915-ஆம் ஆண்டில் நிறுவினர். அந்நாளில் பயணிகள் பெட்டி என்றால், கீழே இரும்புச் சட்டம், மேலே மர உடல். கதவு, ஜன்னல், இருக்கை, கூரை யாவும் மரம். ஆகவே பெட்டிப் பணிமனையில் கொல்லருக்கு நிகராகத் தச்சரும் இருந்தனர். 1955-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் பிரதமர் நேரு சென்னைப் பெரம்பூரில் இணைப்புப் பெட்டித் தொழிற்சாலையைத் திறந்துவைத்தார். அங்கிருந்து முழுதும் எஃகாலான பெட்டிகள் வரத் தொடங்கின. விபத்தில் மரப்பெட்டி நொறுங்கும், தீப்பற்றும். எஃகுப் பெட்டி உயிர்களைக் காக்கும். எனவே மாற்றம் நன்மைக்கே என்பதில் ஐயமில்லை. எனினும் தச்சர்களின் வேலை சிறிது சிறிதாகச் சுருங்கிற்று. மாமா பணியில் சேர்ந்த நாளில் பழைய மரப்பெட்டிகள் இன்னும் பழுதுபார்க்க வந்துகொண்டிருந்தனவாம். அவற்றின் தேக்குச் சட்டங்களை மாற்றியே அவர் தொழில் பயின்றார். பிற்காலத்தில் ஒட்டுப்பலகையும் திருகாணியுமே மிஞ்சின என்பார். இவ்வளவும் அவர் எனக்குச் சொன்னது அந்தப் பெட்டியைத் திறந்த பிறகுதான். பத்தாண்டுகளாக நான் அவருடைய மருமகன். அதுவரை நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

முதற்பாடம்: கூர்

பெட்டியில் இருந்தவை: கைவாள் ஒன்று, உளிகள் ஐந்து, மர இழைப்புளி ஒன்று, கொட்டாப்புளி, மூலைமட்டம், அரம், விளிம்பிற்கு இணையாகக் கோடு கீறும் கட்டை, சாணைக்கல். யாவும் துருவேறியிருந்தன. மேசைக்கு மரம் வாங்கப் புறப்பட்ட என்னை மாமா தடுத்தார். "மரம் எங்கும் போய்விடாது, மாப்பிள்ளை. முதலில் உளியைத் தீட்டுவோம்" என்றார்.

பத்து நாள்கள் தீட்டுதலே பாடம். தொடங்குவோர் பலரும் செய்யும் பிழை இங்கேதான். மழுங்கிய உளியை வலுவால் தள்ளுகின்றனர். அது வழுக்கிக் கையைக் கிழிக்கிறது. கூரிய உளி சொன்ன இடத்தில் நிற்கும், மழுங்கியதே ஆபத்தானது. உளியின் சரிவுப் பக்கம் கல்லின்மீது ஏறத்தாழ 25 முதல் 30 பாகைக் கோணத்தில் படியவேண்டும். கை மேலும் கீழும் ஆடாமல், ஒரே கோணத்தில் முன்னும் பின்னும் தேய்க்கவேண்டும். மறுபக்கம் முழுதும் தட்டையாக இருக்கவேண்டும். சரிவை உரிய அளவு தீட்டினால் தட்டைப் பக்கத்தில் மெல்லிய பிசிறு தோன்றும். விரலால் தடவினால் தெரியும். அதைத் தட்டையாய் வைத்து இரண்டு முறை தேய்த்து நீக்கினால் கூர் அமையும். மரத்துண்டின் வெட்டுமுனையை அந்த உளியால் சீவிப் பாருங்கள். நொறுங்காமல் வழவழப்பாகச் சீவினால் கூர் போதும். இன்னொன்று: தேக்கில் நுண்ணிய மணற்சத்து கலந்துள்ளது. எனவே அது கருவிகளை விரைவில் மழுக்கும். அரைமணி வேலைக்கு ஒருமுறை கல்லை நாடுவது சோம்பலன்று, அதுவே முறை.

மாமாவுக்கு ஒரு தர்மசங்கடம் இருந்தது. பணிமனையில் எத்தனையோ இளைஞர்களை அதட்டிப் பழக்கியவர் அவர். மாப்பிள்ளையை எவ்வாறு அதட்டுவது? நான் தவறு செய்தால் இருமுவார். பெருந்தவறு என்றால் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருவார். ஒருமுறை மூன்று தம்ளர் தண்ணீர் குடித்தார். "மாமா, நான் உங்கள் கையாள். பெயர் சொல்லியே அதட்டுங்கள்" என்றேன். பெயர் சொல்ல அவர் வாய் எழவில்லை. ஆனால் மறுநாள் முதல், "மாப்பிள்ளை, கோபித்துக்கொள்ளாதீர்கள், அது கோணல்" என்று சொல்லும் துணிவு வந்துவிட்டது.

என்ன வாங்கவேண்டும்?

வீட்டில் பழைய கருவிப் பெட்டி இல்லாதோர் கலங்கவேண்டுவதில்லை. தொடங்குவதற்கு ஒரு கைவாள், அரை அங்குல உளி ஒன்று, ஓரங்குல உளி ஒன்று, ஓர் இழைப்புளி, ஒரு மூலைமட்டம், ஒரு சாணைக்கல், ஒரு கொட்டாப்புளி ஆகிய இவை ஏழும் போதும். மின்சார இயந்திரங்கள் முதலாண்டில் வேண்டா. நம் நெருங்கிய குடியிருப்புகளில் அவற்றின் ஓசையும் தூளும் அண்டை அயலாரைப் பகைக்கச் செய்யும். அன்றியும் பிழையை இயந்திரம் விரைவாகச் செய்துவிடும். கைவாள் மெதுவாகச் செய்யும், இடையில் நிறுத்திக்கொள்ளலாம். மஸ்ஜித் நிலையத்திலிருந்து நடக்கும் தொலைவிலுள்ள நாக்தேவி வீதியில் கைக்கருவிக் கடைகள் வரிசையாக உள்ளன. பழைய கருவிகளை விரும்புவோர் சோர் பஜாரின் மட்டன் வீதியில் தேடலாம். அங்கே வாங்குவோர் உளியின் தட்டைப் பக்கத்தைப் பார்க்கவேண்டும். துருவால் குழிகள் விழுந்திருந்தால் அதில் கூர் நிற்காது.

வாங்கும் வாளின் பற்களையும் கவனியுங்கள். தள்ளும்போது அறுக்கும் வாளும் உண்டு. ஜப்பானியரது வாளைப்போல் இழுக்கும்போது அறுப்பதும் உண்டு. பற்கள் எத்திசை சாய்ந்துள்ளனவோ அத்திசையில்தான் வலுவைச் செலுத்தவேண்டும். நம் நாட்டுத் தச்சர் தரையில் அமர்ந்து, காலால் மரத்தைப் பற்றிக்கொண்டு வேலை செய்தவர்கள். உயர்ந்த வேலைமேசை இல்லையே என்று ஏங்கவேண்டாம். சுவரில் ஒரு கட்டையை அடித்து, மரத்தின் முனையை அதில் முட்டுக்கொடுத்தால், ஒற்றை அறையிலும் இழைக்க இயலும். ஆனால் கால் விரல்களை உளியின் வழியிலிருந்து விலக்கி வைக்கவேண்டும்.

மரத்தைப் படித்தல்

எழுத்தைப் படிப்பதுபோல் மரத்தையும் படிக்கவேண்டும் என்பதை நான் இந்த வயதில்தான் அறிந்தேன். மரத்தின் நடுவே நிறம் ஆழ்ந்திருப்பது வைரம். வெளிப்புறம் வெளுத்திருப்பது வெளிறு. பூச்சி முதலில் நாடுவது வெளிற்றையே. அடுத்து மர இழையின் ஓட்டம். பலகையின் பக்கவாட்டைப் பார்த்தால் இழைகள் எத்திசையில் மேலேறுகின்றன என்பது தெரியும். அவை மேலேறும் திசையிலேயே இழைப்புளியைச் செலுத்தவேண்டும். எதிர்த்திசையில் செலுத்தினால், பூனையின் முதுகை வாலிலிருந்து தலைநோக்கித் தடவியதுபோல், இழைகள் சிலிர்த்துச் சிராய் சிராயாகப் பிய்ந்துவிடும். "மரம் சரியில்லை" என்று நான் முதல்நாள் சொன்னபோது மாமா மெல்ல நகைத்தார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான். பலகையைத் திருப்பிப் போட்டார். அதே இழைப்புளி வெங்காயத் தோல்போன்ற சீவலை உருட்டித் தந்தது.

தேக்கின் பெருமையை நம்மவர் நன்கறிவர். ஆங்கிலேயர் அதற்கு வழங்கும் 'டீக்' என்ற பெயரே நம் தென்னாட்டுச் சொல்லாகிய தேக்கிலிருந்து போர்த்துகீசியர் வழியாகச் சென்றதுதான். 1817-ஆம் ஆண்டில் இதே மும்பையின் கப்பல் தளத்தில், வாடியா குடும்பத்துப் பார்சித் தச்சர்கள், மலபார்த் தேக்கினால் பிரிட்டிஷ் கடற்படைக்கு ஒரு போர்க்கப்பலைக் கட்டினர். அதன் பெயர் 'டிரிங்கோமலி', நம் திருகோணமலைதான். இருநூறு ஆண்டுகள் கடந்தும் அது இங்கிலாந்தில் ஹார்ட்டில்பூல் துறைமுகத்தில் மிதந்துகொண்டிருக்கிறது. மரமும் கைத்திறனும் சேர்ந்தால் எத்துணைக் காலம் நிற்கும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

ஆயினும் புதுத் தேக்கை வாங்கிப் பழகுவது பணத்தை அறுப்பதாகும். இடிக்கப்படும் பழைய கட்டடங்களின் கதவு, சட்டங்கள் மலிவாகக் கிடைக்கும், நன்கு உலர்ந்தவை. ஆனால் அவற்றுள் மறைந்த ஆணிகள் இருக்கும். ஒரு காந்தத்தைப் பலகைமீது நகர்த்திப் பார்த்துப் பிடுங்கிய பின்னரே இழைக்கவேண்டும். சரக்குப் பெட்டிகளின் பைன் மரம் இன்னும் மலிவு, வாளுக்கு இதமானது. அதில் கோதுமைக் கதிர் முத்திரையுடன் எழுத்துகள் பொறித்திருந்தால் படியுங்கள். 'எச்.டி.' என்றால் வெப்பமூட்டிப் பூச்சி நீக்கியது, அது நல்லது. 'எம்.பி.' என்றால் நச்சுப்புகையூட்டியது. அதனை வீட்டிற்குள் கொணரவேண்டாம். ரயில்வே ஊழியன் என்ற முறையில் மற்றொன்றும் சொல்லக் கடமைப்பட்டுள்ளேன். தண்டவாளத்தின் கீழிருந்து எடுத்த பழைய மரக்கட்டைகள் வலுவானவை, பார்க்கவும் அழகானவை. ஆனால் அவற்றில் பெரும்பாலும் கிரியோசோட் என்னும் தார் எண்ணெய் ஊறியிருக்கும். அது தோலுக்கும் மூச்சுக்கும் தீங்கானது. குழந்தைகள் தொடும் பொருளுக்கு அக்கட்டை ஆகாது.

அளத்தலும் அறுத்தலும்

அலுவலகப் பதிவேட்டில் பிழை நேர்ந்தால் சிவப்பு மையால் கோடிட்டுத் திருத்திச் சுருக்கொப்பமிடலாம். குறைத்து அறுத்த மரத்திற்குத் திருத்தம் கிடையாது. ஆகவே இருமுறை அளந்து ஒருமுறை அறுப்பதே விதி. ஒரே நீளத்தில் இரண்டு துண்டுகள் வேண்டுமாயின், இரண்டையும் தனித்தனியே நாடாவால் அளக்காதீர்கள். முதல் துண்டை இரண்டாவதன்மேல் வைத்துக் குறியுங்கள். பலகையின் ஒரு முகத்தையும் ஒரு விளிம்பையும் முதலில் செம்மையாக இழைத்து, அவற்றில் அடையாளமிட்டு, எல்லா அளவுகளையும் அங்கிருந்தே தொடங்குங்கள். மூலைமட்டத்தையும் அந்த விளிம்பிலேயே வையுங்கள்.

அறுக்கும்போது கோட்டின்மேல் அறுக்கலாகாது; கழிவுப் பக்கத்தில், கோட்டை ஒட்டி அறுக்கவேண்டும். வாளுக்கும் ஒரு கனம் உண்டு. அது தன் பங்கு மரத்தைத் தின்னும். கட்டைவிரலின் கணுவை வாளுக்கு அணையாக வைத்து, முதலில் வெட்டாத திசையில் இரண்டு மூன்று முறை மென்மையாக இழுத்துத் தடம் பிடித்துக்கொண்டால், பிறகு வாள் தானே அத்தடத்தில் ஓடும். வாளை இறுகப் பிடிப்பவன் கோணலாக அறுக்கிறான். "குழந்தையின் கையைப் பிடிப்பதுபோல் பிடியுங்கள், மாப்பிள்ளை" என்பார் மாமா.

வெடித்த மணை

மேசைக்கு முன் பயிற்சியாக ஒரு மணை செய்தேன். ஒன்றரை அடி நீளம், பத்து அங்குல அகலமுள்ள பலகை. கீழே குறுக்காக இரண்டு கட்டைகள். ஆடி மாதம், மழை கொட்டிக்கொண்டிருந்த காலம். உறுதியாக இருக்கட்டும் என்று கட்டைகளைப் பசையிட்டு ஒட்டி, திருகாணியும் முடுக்கினேன். மாமா பார்த்து இருமினார். நான் பொருட்படுத்தவில்லை. தை மாதத்தில் ஓர் இரவு 'பட்' என்றொரு சத்தம். எழுந்து விளக்கைப் போட்டால், மணை நீளவாட்டில் வெடித்திருந்தது.

காரணத்தைக் காலையில் விளக்கினார். மரம் வெட்டுண்ட பின்னும் காற்றின் ஈரத்தை உறிஞ்சியும் விட்டும் வாழ்கிறது. மழைக்காலத்தில் அகலவாட்டில் விரிகிறது. பனிக்காலத்து உலர்காற்றில் சுருங்குகிறது. நீளவாட்டில் மட்டும் ஏறக்குறைய மாறுவதே இல்லை. என் பலகை சுருங்க முயன்றது, குறுக்குக் கட்டைகள் அதற்கு இடங்கொடுக்கவில்லை, பலகை வெடித்தது. கட்டைகளை ஒட்டாமல், நடுவில் ஒரு திருகாணியை இறுக்கமாகவும், இருபுறமும் நீள்துளையிட்டு மற்றவற்றைத் தளர்வாகவும் முடுக்கியிருந்தால், பலகை தன் விருப்பம்போல் அசைந்து பிழைத்திருக்கும். மழைக்காலத்தில் நம் கதவுகள் நிலையில் சிக்கிக்கொள்வதும் இதனாலேயே. மழையில் சிக்கும் கதவை அவசரப்பட்டு இழைத்தால், பனிக்காலத்தில் இடுக்கு தெரியும்.

"அன்றே ஏன் சொல்லவில்லை, மாமா?" என்றேன். "இருமினேனே" என்றார். இருவரும் சிரித்தோம். அந்த வெடித்த மணையை நான் எறியவில்லை. பசைக்குப்பி அதன்மேல்தான் நிற்கிறது.

மேசைக்கு மரம் வாங்கியதும் இப்பாடத்தை மறவாமல், பலகைகளைக் குச்சிகளின்மேல் அடுக்கிக் காற்றோட்டமாக வைத்தேன். என் பங்குக்கு ஒரு குமாஸ்தா உத்தி செய்தேன். வாரந்தோறும் ஒரு பலகையை மளிகைக் கடைத் தராசில் நிறுத்து, நோட்டில் குறித்துவந்தேன். ஐந்து வாரம் எடை குறைந்தது; ஆறாம் ஏழாம் வாரங்களில் மாறவில்லை. மரம் எங்கள் அறையின் காற்றோடு சமாதானமாகிவிட்டது என்று பொருள். மாமா அந்த நோட்டை வாங்கி நெடுநேரம் பார்த்தார். "நாங்கள் தட்டிப் பார்த்துச் சொல்வோம். இதுவும் நல்ல வழிதான்" என்றார். அலுவலகத்தில் பெற்ற எந்தப் பாராட்டும் அவ்வளவு இனிக்கவில்லை.

மேசை

இனி மேசை. மேற்பலகை 24 அங்குல நீளம், 16 அங்குல அகலம். முன்பக்கம் 9 அங்குல உயரம், பின்பக்கம் 12 அங்குலம். சம்மணமிட்ட முழங்கால் நுழைய முன்பக்கம் திறந்தே இருக்கவேண்டும். பக்கப் பலகைகள் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துக் கட்டி, சாய்வை ஒரே நேரத்தில் இழைத்தால் இரண்டும் ஒத்திருக்கும். பின்புறம் ஒரு சட்டம் இரண்டையும் இணைக்கிறது. அதன் முனைகளை நாக்குப்போல் செதுக்கி, பக்கப் பலகைகளில் வெட்டிய துளைகளில் செருகவேண்டும். முதலில் துளையை வெட்டிவிட்டு, அதற்கேற்ப நாக்கைச் சிறிது சிறிதாகச் சீவுவது எளிது. கையால் அழுத்தினால் நுழையவேண்டும். தானே விழுந்தால் தளர்வு. சுத்தியல் கேட்டால் இறுக்கம்.

முற்காலத்தில் தச்சர் வச்சிரத்தைக் காய்ச்சிச் சூட்டோடு பூசினர். 1959-ஆம் ஆண்டில் பல்வந்த் பாரேக் இந்த மும்பையில் ஃபெவிகால் என்ற வெண்பசையைக் கொணர்ந்த பிறகு காய்ச்சும் தொல்லை ஒழிந்தது. பசையின் நீரை மரம் உறிஞ்சும்போதே பிடிப்பு உண்டாகிறது. ஆகவே ஒட்டிய பகுதிகளை ஓரிரவு இறுக்கி வைத்தல் அவசியம். இறுக்கும் கருவி இல்லையேல், கயிற்றைச் சுற்றிக் கட்டி, இடையில் ஒரு குச்சியைச் செருகி முறுக்குங்கள், அதுவே போதும். மேற்பலகையை மட்டும் நான் ஒட்டவில்லை. முன்புறத் திருகாணிகளை இறுக்கமாகவும், பின்புறத்தவற்றை நீள்துளைகளிலும் முடுக்கினேன். மணை கற்பித்த பாடம் அது. ஒரு மழைக்காலமும் ஒரு பனிக்காலமும் கடந்தும் மேசையில் வெடிப்பில்லை. எழுதுகோல் உருளாதிருக்க முன்விளிம்பில் மெல்லிய சட்டமும், மேலே ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கு மெருகும் தந்து முடித்தோம்.

எச்சரிக்கைகள் சில

உளியின் முன்னால் ஒருபோதும் மறுகையை வைக்காதீர்கள். இரு கைகளும் கூருக்குப் பின்னே இருக்கட்டும். மரத்தூளை எளிதாக எண்ணவேண்டாம். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1995-ஆம் ஆண்டிலேயே அதனைப் புற்றுநோய் விளைவிக்கும் பொருள்களுள் சேர்த்துவிட்டது. உப்புத்தாளால் தேய்க்கும்போது முகமூடி அணிந்து, வீட்டுக்கு வெளியே அமர்ந்து தேய்த்து, ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். ஆளிவிதை எண்ணெய் பூசுவோர், பூசிய துணியைச் சுருட்டிப் போடலாகாது; அது தானாகவே சூடேறித் தீப்பற்றக்கூடும். விரித்துக் காயவிடுங்கள். கொட்டும் வேலையை ஞாயிறு முற்பகலுக்கு வைத்துக்கொண்டால் அண்டை வீட்டாரும் பொறுப்பர்.

வயதும் வெட்கமும்

"ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?" என்று சிலர் தயங்கலாம். 1910-ஆம் ஆண்டில் ஜோகன்னஸ்பர்க் அருகே டால்ஸ்டாய் பண்ணை தொடங்கியபோது காந்தியடிகளுக்கு வயது நாற்பதைக் கடந்திருந்தது. பாரிஸ்டராகிய அவர் அங்கே நண்பர் கல்லன்பாக்கிடம் செருப்புத் தைக்கக் கற்றார். கல்லன்பாக்குக்குத் தச்சுவேலை சிறிது தெரியுமாதலால் தச்சு வகுப்பும் நடந்தது. அப்பண்ணையில் தமிழ்க் குடும்பங்களும் வாழ்ந்தன. தொழிலைப் பிறப்போடு கட்டிவைத்து, கையால் உழைப்பவரைத் தாழ்த்திய பழக்கம் நம்மைவிட்டு முழுதும் நீங்கவில்லை. நான் சீவலைக் கூட்டிக்கொண்டிருந்ததைக் கண்ட ஒருவர், "உத்தியோகம் பார்ப்பவருக்கு இது தகுமா?" என்று கேட்டதுண்டு. எழுதுகோல் பிடித்த கைக்கு உளி இழுக்கென்று நினைப்பதுதான் இழுக்கு.

முடிவாக ஒன்று. நம் மும்பைத் தமிழர் இல்லங்களில், பணிமனையிலும் ஆலையிலும் துறைமுகத்திலும் உழைத்து ஓய்ந்த முதியோர் பலர் இருக்கின்றனர். அவர்கள் கைகளில் உள்ள அறிவு எந்தப் புத்தகத்திலும் முழுதாக இல்லை. அவர்களாகச் சொல்லமாட்டார்கள், நாம்தாம் கேட்கவேண்டும். அதுவும் அவர்கள் கண்ணொளி மங்குமுன் கேட்கவேண்டும். பழைய இரும்போடு போகவிருந்த ஒரு பெட்டியைத் திறந்ததனால், எங்கள் குழந்தைக்கு மேசை கிடைத்தது. எனக்கு ஒரு கைத்தொழிலின் முதற்படி கிடைத்தது. மாமாவோ இப்போது வாயிற்படியில் அமர்வதில்லை. அடுத்த வீட்டுப் பிள்ளைகள் இருவர் ஞாயிறுதோறும் வருகின்றனர். அவர்கள் மாப்பிள்ளைகள் அல்லராதலால் தாராளமாக அதட்டுகிறார். சாப்பிட அழைத்தால், "இந்த விளிம்பு முடியட்டும், அம்மா" என்கிறார்.